கணினி கடைசியாகச் சொன்ன எண்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் மதர்போர்டு பழுது பார்ப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, பூங்கா நிலையத்தில் இறங்கி, செத்துப்போன மதர்போர்டைப் பையில் தூக்கிக்கொண்டு போன அனுபவம் எனக்கு உண்டு. ஆன் செய்தால் விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது. "என்னண்ணே ஆச்சு?" என்று கேட்பதற்குள் அந்த அண்ணன் ஒரு சின்ன அட்டையை எடுத்து ஸ்லாட்டில் செருகினார். அட்டையில் சிவப்பு வெளிச்சத்தில் இரண்டு இலக்கங்கள். மின்சாரம் கொடுத்ததும் படபடவென்று மாறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றுவிட்டன: சி1. "ரேம்தான் தம்பி" என்றார். ரேமைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களை ஸ்கூல் ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டினார். போர்டு எழுந்துவிட்டது.

எனக்கு ரப்பரைவிட அந்தச் சி1 மீதுதான் ஆச்சரியம். திரையே வராத கணினி எப்படிப் பேசியது? இந்தக் கேள்வியில் ஆரம்பித்து, பெரிய பெரிய சர்வர்கள் அந்த எண்களை எங்கே எழுதி வைத்துக்கொள்கின்றன என்பது வரை படித்துக்கொண்டே போனேன். அதன் விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

ஐ.பி.எம். நிறுவனம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை 1981 ஆகஸ்டில் வெளியிட்டது. ஆன் செய்தவுடன் அது தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். இதற்குப் பவர் ஆன் செல்ஃப் டெஸ்ட், சுருக்கமாகப் போஸ்ட் என்று பெயர். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு பீப். தப்பு இருந்தால் திரையில் எண் வரும். 201 என்றால் மெமரி, 301 என்றால் கீபோர்டு, 601 என்றால் ஃபிளாப்பி. ஆனால் திரை வேலை செய்தால்தானே எண்ணைப் பார்க்க முடியும்? அதற்கும் முந்தைய கட்டத்தில் கணினி விழுந்துவிட்டால்?

1984-இல் வந்த பி.சி. ஏ.டி. மாடலில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. பயாஸ் ஒவ்வொரு சோதனையைத் தொடங்கும்போதும் ஒரு பைட் அளவுள்ள எண்ணை ஒரு குறிப்பிட்ட போர்ட்டுக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடரும். அந்தப் போர்ட்டின் முகவரி, பதினாறை அடிமானமாகக் கொண்ட கணக்கில் 80. இதைத்தான் இன்றைக்கும் வன்பொருள்காரர்கள் "போர்ட் எண்பது" என்கிறார்கள். (இந்தப் பதிவில் போர்ட் முகவரிகளும் போஸ்ட் எண்களும் எல்லாம் பதினாறடிமானம்தான்.)

இந்த 80 எங்கிருந்து வந்தது என்பது வேடிக்கை. நேரடி நினைவக அணுகலுக்கான பக்கப் பதிவேடுகள் அடங்கிய சில்லு ஒன்று அந்த போர்டில் இருந்தது. அதன் முகவரிகளில் யாரும் உபயோகிக்காத ஒரு காலியிடம்தான் 80. அங்கே எதை எழுதினாலும் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆகவே எழுதினார்கள். தொழிற்சாலையில் சோதிப்பவர் அந்த முகவரியைக் கவனிக்கும் அட்டையைச் செருகினால் எண் தெரியும். அட்டை இல்லாவிட்டால்? கணினி எண்ணைச் சொல்லும், கேட்க ஆளிருக்காது. அடுத்த எண் வந்ததும் முந்தையது அழிந்துபோகும். ஒரே ஒரு பைட். கடைசியாகச் சொன்னது மட்டும் நிற்கும். ரீசெட் பட்டனை அழுத்தினால் கதை முதலிலிருந்து தொடங்கும், பழைய கடைசி எண்ணும் போய்விடும்.

இடையில் ஒரு கிளைக்கதை. கெடுதல் இல்லாத இடம் என்று பெயரெடுத்ததால் லினக்ஸ்காரர்களும் இந்த 80-ஐப் பிடித்துக்கொண்டார்கள், வேறொரு காரியத்துக்காக. பழைய மெதுவான சாதனங்களுடன் பேசும்போது கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அந்தப் போர்ட்டில் எதையாவது எழுதினால் ஏறக்குறைய ஒரு மைக்ரோ நொடி கழியும். அவ்வளவுதான், எழுதும் மதிப்புக்கு அர்த்தம் கிடையாது. பல ஆண்டு இப்படியே ஓடியது. 2007 வாக்கில் சில ஹெச்.பி. பெவிலியன் மடிக்கணினிகள் இந்த எழுத்தினாலேயே உறைந்துபோவது தெரியவந்தது. உடனே 80-க்குப் பதில் வேறு முகவரியைத் தேர்ந்தெடுக்கும் வசதியைக் கெர்னலில் சேர்த்தார்கள். ஆளில்லாத வீடு என்று எல்லோரும் நினைத்த இடத்தில் யாரோ குடியேறியிருந்திருக்கிறார்கள்!

சரி, விஷயத்துக்கு வருவோம். ஐ.பி.எம். ஒரு நல்ல காரியம் செய்தது: பயாஸின் நிரல் வரிகளைத் தன் தொழில்நுட்பக் கையேட்டிலேயே அச்சிட்டு விற்றது. எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதே நிரலை நகலெடுக்க முடியாது, காப்புரிமை உண்டு. எனவே மற்றவர்கள் சொந்தமாக எழுதினார்கள். காம்பேக் எழுதியது, பீனிக்ஸ் எழுதியது, அவார்டு எழுதியது. ஆளாளுக்கு ஓர் எண் பட்டியல். காம்பேக் போர்ட்டையே மாற்றி 84-இல் சொன்னது. ஐ.பி.எம்.மே தன் பி.எஸ்./2 வரிசையின் சில மாடல்களில் 90-க்குப் போய்விட்டது. ரிச்சி ஸ்ட்ரீட் அண்ணன் பார்த்த சி1 அவார்டு பயாஸின் அகராதியில் மெமரியைக் கண்டறியும் கட்டம். வேறொரு நிறுவனத்தின் பயாஸில் அதே சி1 வேறு எதையாவது குறிக்கும். முதலில் "இது யாருடைய பயாஸ்?" என்று தெரிந்தால்தான் எண்ணால் பயன்.

இந்தப் பட்டியலில் நம் ஊருக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பது ஏ.எம்.ஐ., அதாவது அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ். இந்திய வம்சாவளியினரான சுப்ரமணியன் சங்கர், பாட் சர்மா இருவரும் 1985-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கியது. ஒரு காலத்தில் கணினியை ஆன் செய்தாலே ஏ.எம்.ஐ. பயாஸ் என்ற வரிதான் முதலில் தெரியும், ஞாபகம் இருக்கிறதா? சென்னையில் செம்மஞ்சேரிப் பக்கம் அவர்களுக்கு நெடுநாளாக ஒரு கிளை உண்டு. குரோம்பேட்டையிலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போனால் வந்துவிடும். பயாஸ் மட்டுமல்ல, மெகாராக் என்ற பெயரில் சர்வர் நிர்வாக ஃபர்ம்வேரும் ஏ.எம்.ஐ.யின் சரக்குதான். எண்ணைச் சொல்லும் மென்பொருள், அந்த எண்ணைக் கேட்டு எழுதி வைக்கும் மென்பொருள், இரண்டையும் ஒரே நிறுவனம் விற்கிறது.

கேட்டு எழுதி வைப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் அனுபவம். பயிற்சிக்காகச் சில வாரம் போயிருந்த ஓர் அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு சர்வர் ராத்திரியில் தானாக ரீபூட் ஆகி, எழாமல் நின்றுவிட்டது. காலையில் வந்தவர் என்ன செய்வார்? ஆஃப் செய்து ஆன் செய்தார். எழுந்துவிட்டது. எல்லோரும் மகிழ்ச்சியாக டீ குடிக்கப் போனோம். இரண்டு நாள் கழித்து மறுபடி அதேபோல். மறுபடி ஆஃப், ஆன். நான்காவது தடவைதான் ஒருவர் "ஆஃப் பண்ணாதீங்க, முதல்ல அந்த நம்பரைப் பாருங்க" என்று கத்தினார். ஒரே ஒரு மெமரி அட்டைதான் கோளாறு. முதல் நாள் ராத்திரியே சர்வர் அதைச் சொல்லியிருந்தது. நாங்கள்தான் ஆஃப் பட்டனால் அதன் வாயை அடைத்துக்கொண்டே இருந்தோம்.

வீட்டுக் கணினிக்கு முன்னால் ஆள் உட்கார்ந்திருப்பார். சர்வர் அறையில் ராத்திரி மூன்று மணிக்கு யார் இருப்பார்கள்? அதனால் சர்வர் போர்டில் தனியாக ஒரு குட்டிக் கணினியை வைக்கிறார்கள். அதற்குப் பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர், சுருக்கமாக பி.எம்.சி. பெரிய கணினி ஆஃபில் இருந்தாலும் இது விழித்திருக்கும். வெப்பம், விசிறி, மின்னழுத்தம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். வெவ்வேறு நிறுவனத்தின் பி.எம்.சி.க்கள் ஒரே மொழியில் பேச வேண்டும் என்று இன்டெல், ஹெச்.பி., டெல், என்.இ.சி. நான்கும் சேர்ந்து 1998-இல் ஐ.பி.எம்.ஐ. என்ற தரத்தை வெளியிட்டன. 2004-இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது.

இதில் நிகழ்வுப் பதிவேடு ஒன்று உண்டு. ஒவ்வொரு பதிவும் சரியாக 16 பைட். பதிவு எண்ணுக்கு 2, வகைக்கு 1, நேரத்துக்கு 4, அனுப்பியவருக்கு 2 என்று வெட்டிக்கொண்டே போய், கடைசியில் என்ன நடந்தது என்ற விவரத்துக்கு மிஞ்சுவது வெறும் 3 பைட். நினைவகம் தங்கமாக விற்ற காலத்துச் சிக்கனம், குறை சொல்ல முடியாது. ஆனால் பயாஸின் முன்னேற்றத்தை இந்தப் பதிவேட்டில் எப்படிச் சொல்வது என்பதில்தான் எனக்கு வருத்தம். தரம் சொந்தமாக ஒரு சிறு பட்டியல் வைத்தது: மெமரி தயாராகிறது, பி.சி.ஐ. ஏற்பாடு நடக்கிறது, வீடியோ தயாராகிறது என்று இருபத்துச் சொச்சம் பொதுவான கட்டங்கள். பயாஸ் தன் சொந்த எண்ணை இந்தப் பொது வார்த்தைகளில் ஒன்றாக மொழிபெயர்த்து பி.எம்.சி.யிடம் கொடுக்க வேண்டும். எல்லா நிறுவனத்துக்கும் ஒரே அகராதி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட எண்கள் இருபத்துச் சொச்சமாகச் சுருங்கும்போது, மெமரி எந்தக் கட்டத்தில் தடுக்கியது என்ற நுணுக்கம் காணாமல் போய்விடுகிறது. அதைவிடப் பெரிய ஓட்டை: மொழிபெயர்க்கும் வேலை பயாஸுடையது. விழுந்து கிடப்பவனே எழுந்து வந்து தான் விழுந்ததை போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது மாதிரி. போதாக்குறைக்கு, பல பழைய சர்வர்களில் பதிவேடு நிறைந்துவிட்டால் புதியது ஏறாது. யாராவது அழித்துவிட வேண்டும்.

போர்ட் 80-இல் அந்தச் சிக்கல் இல்லை. பயாஸ் யாரையும் கூப்பிட வேண்டாம், பதில் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு பைட்டை எறிந்துவிட்டுப் போய்விடும். காது வைத்துக் கேட்பது கேட்பவரின் வேலை. தைவானின் ஆஸ்பீடு நிறுவனத்தின் பி.எம்.சி. சில்லுகள் இன்று உலகின் கணிசமான சர்வர்களில் இருக்கின்றன. அவற்றில் இந்த ஒட்டுக்கேட்கும் வசதி வன்பொருளிலேயே உண்டு. சில்லைச் சர்வரோடு இணைக்கும் எல்.பி.சி. என்ற பாதையில் 80-க்கு எது போனாலும் பி.எம்.சி. அதைப் பிரதி எடுத்துக்கொள்ளும். இதற்கான லினக்ஸ் டிரைவர் 2017-இல் கெர்னலில் சேர்ந்தது. ரிச்சி ஸ்ட்ரீட் அட்டை சர்வருக்குள்ளேயே குடியேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டாயிற்று. எப்படி எழுதி வைப்பது? நான் இரண்டு நிமிஷ வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு கோப்பைத் திற, எண்ணை எழுது, மூடு. ஓப்பன்பி.எம்.சி. திட்டத்தின் வடிவமைப்பு ஆவணங்களையும் நிரலையும் புரட்டியபோதுதான் ஒவ்வொன்றும் ஒரு தலைவலி என்று புரிந்தது. இந்தத் திட்டத்தின் பிறப்பே சுவாரசியமானது. 2014-இல் ஃபேஸ்புக்கின் உள் நிகழ்ச்சி ஒன்றில் நான்கு பேர் விளையாட்டாகச் செய்த மாதிரி ஒன்று. 2015-இல் ஐ.பி.எம்., ராக்ஸ்பேஸுடன் சேர்ந்து அதே பெயரில் வேறொன்று. 2018-இல் லினக்ஸ் பவுண்டேஷனின் குடையின்கீழ் ஐ.பி.எம். வழியை அடித்தளமாகக் கொண்டு ஒன்றாயின. மூடிய பெட்டியாக இருந்த பி.எம்.சி. நிரலை நம்மைப் போன்ற மாணவர்களும் திறந்து படிக்க முடிவது இதனால்தான்.

முதல் தலைவலி, எண்கள் வரும் வேகம். சில நேரம் நொடிக்கணக்கில் ஒன்றும் வராது, சில நேரம் சடசடவென்று கொட்டும். பி.எம்.சி.யோ பாவம், ஒரு சின்னச் செயலி. அதனால் டிரைவர் நடுவே 2048 பைட் கொண்ட ஒரு வரிசையை வைத்திருக்கிறது. அது நிரம்பி வழிந்தால் எதைத் தூக்கி எறிவது? பழையதைத்தான் எறிகிறார்கள். நின்றுபோன கணினியிடம் நமக்கு வேண்டியது கடைசி வார்த்தைகள், முதல் வார்த்தைகள் அல்ல. நிரலில் இது ஓரிரு வரிதான். ஆனால் யோசித்துச் செய்த தேர்வு.

அடுத்தது நேரம். மின்சாரம் போய் வந்த பிறகு பி.எம்.சி.க்குச் சரியான மணி தெரியாமல் இருக்கலாம். வலையிலிருந்து நேரம் கிடைத்ததும் அதன் கடிகாரம் சட்டென்று பல ஆண்டு முன்னே குதிக்கும். நடு பூட்டில் இது நடந்தால், ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே சில ஆண்டு இடைவெளி என்று பதிவாகும்! ஓப்பன்பி.எம்.சி.யின் சேமிப்பு நிரல் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பூட்டின் முதல் எண்ணுக்கு மட்டும் சுவர்க் கடிகார நேரத்தை எடுத்துக்கொள்ளும். அடுத்தடுத்த எண்களுக்கு, முதல் எண்ணிலிருந்து எவ்வளவு கழிந்தது என்பதைக் குதிக்காத இன்னொரு கடிகாரத்தால் அளந்து கூட்டும். கல்யாண வீட்டு மொய் நோட்டில் தேதியை மேலே ஒருமுறை எழுதிவிட்டு, கீழே வரிசையாகப் போட்டுக்கொண்டே போவது போல. தேதி தப்பாக இருந்தாலும் வரிசையும் இடைவெளியும் தப்பாது. எங்கே எவ்வளவு நேரம் தடுமாறியது என்பதுதான் பாதி நோயைச் சொல்லிவிடும்.

மூன்றாவது, ஒரு பூட் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது? எண்களைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு பயாஸும் ஒவ்வொரு எண்ணில் தொடங்கும். மின்சாரத்தைப் பார்த்தும் முழுதாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் வார்ம் ரீபூட்டில் மின்சாரம் இறங்குவதே இல்லை. சர்வரின் நிலை மாறுவதாக பி.எம்.சி.யின் இன்னொரு பகுதி அறிவிப்பதை வைத்துத்தான் நோட்டில் புதுப் பக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது. இப்படி 100 பூட் வரை வைத்துக்கொள்வது அங்கே இயல்பான அளவு. அதற்கு மேல் போனால் மிகப் பழைய பக்கத்தின்மேல் புதியது எழுதப்படும். பார்ப்பவருக்கு ஒவ்வொரு எண்ணும் பி1-1, பி1-2 என்ற மாதிரி அடையாளத்தோடு வரும். முதல் பகுதி எந்த பூட், இரண்டாம் பகுதி அதற்குள் எத்தனையாவது எண். எங்கள் அலுவலகச் சர்வரில் இது இருந்திருந்தால், நான்கு ராத்திரிகளின் கடைசி எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்திருக்கலாம்.

எண்ணின் அகலமும் தகராறுதான். ஏ.டி. காலத்தில் ஒரு பைட், 256 வாய்ப்புகள். பிறகு வந்த யு.ஈ.எஃப்.ஐ. உலகில் நிலைக் குறியீடு 32 பிட். ஐ.பி.எம்.மின் பவர் வரிசைச் சர்வர்களோ எண்ணோடு கூட ஒரு பெரிய விவரக் கொத்தையே அனுப்பும். ஓப்பன்பி.எம்.சி.யில் ஒவ்வொரு பதிவுக்கும் 64 பிட் முதன்மை எண், அதன் பின்னால் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம் என்ற இரண்டாம் பகுதி என்று வைத்துவிட்டார்கள். 16 பைட்டுக்குள் எல்லாவற்றையும் திணித்த ஐ.பி.எம்.ஐ. ஆட்கள் இதைப் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்.

அதே சமயம் ஃப்ளாஷ் நினைவகத்தைத் தாராளமாகத் தேய்க்கவும் முடியாது. பி.எம்.சி.யிடம் இருப்பது பெரும்பாலும் 32 அல்லது 64 மெகாபைட், அதில் பாதிக்கு மேல் ஃபர்ம்வேரே உட்கார்ந்திருக்கும். ஒவ்வோர் இடத்தையும் ஏறத்தாழ ஒரு லட்சம் முறைதான் அழித்து எழுதலாம். எண் வர வர எழுதினால் ஃப்ளாஷ் தேயும். சேர்த்து வைத்து எழுதலாம் என்று காத்திருந்தால், மொத்த மின்சாரமும் போகும்போது நமக்கு மிகவும் வேண்டிய அந்தக் கடைசிப் பக்கம் போய்விடும். இதற்கு முழுத் தீர்வு எங்கும் நான் பார்க்கவில்லை. சர்வரின் ஆயுளில் எத்தனை தடவை பூட் ஆகும் என்று மனக்கணக்குப் போட்டு ஒரு பக்கம் சாய வேண்டியதுதான். என்னைக் கேட்டால் தேயட்டும் என்பேன். சர்வர்கள் தினமும் பத்துத் தடவையா ரீபூட் ஆகின்றன?

இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, எண்ணை மொழிபெயர்க்காமல் கேட்டபடியே வைத்திருப்பது. ஏ.எம்.ஐ.யின் ஆப்டியோ பயாஸில் 55 என்றால் மெமரி பொருத்தப்படவில்லை, 92 என்றால் பி.சி.ஐ. பஸ் வேலை தொடங்குகிறது. இந்தப் பட்டியலை அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் சர்வர் செய்யும் நிறுவனம் தன் பங்குக்குப் புது எண்களைச் சேர்க்கலாம், அடுத்த பதிப்பில் மாற்றலாம். பி.எம்.சி. இன்றைய அகராதியை வைத்து "மெமரி கோளாறு" என்று எழுதிவிட்டால், அகராதி தப்பு என்று நாளை தெரியும்போது திரும்பிப் போக வழியில்லை. வெறும் எண் இருந்தால் என்றைக்கும் மறுபடி வாசிக்கலாம். ஒரு குறை மட்டும் சொல்வேன். பதிவில் நேரம் இருக்கிறது, எண் இருக்கிறது, இரண்டாம் பகுதி இருக்கிறது. அந்த நேரத்தில் ஓடிய பயாஸின் பதிப்பு எண்ணையும் பக்கத்தின் தலையில் எழுதி வைத்திருக்கலாம். எந்த அகராதியைத் திறப்பது என்று தேட வேண்டியிருக்காது.

நோட்டுப் புத்தகம் ஒன்று, ஆட்கள் நான்கு பேர் என்றால்? ஃபேஸ்புக்கின் யோசெமிட்டி வி2 வடிவமைப்பில் ஒரே பி.எம்.சி.யின்கீழ் நான்கு சர்வர்கள். அதுவரை ஓப்பன்பி.எம்.சி. ஒரு சர்வரின் எண்களை மட்டுமே அறியும். அதை நான்குக்கும் விரிப்பதற்கான வடிவமைப்பு ஆவணம் 2020 ஜூலையில் எழுதப்பட்டது. எழுதியது ஹெச்.சி.எல். தரப்பு, ஆவணத்தின் தலையில் இருப்பது ஒரு தமிழ்ப் பெயர். பார்த்ததும் ஒரு சின்னச் சந்தோஷம், மறைப்பானேன். இங்கே நான்கு சர்வர்களும் ஒட்டுக்கேட்கும் பாதையில் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய இடைச்சில்லு இருந்து, தன் சர்வரின் எண்களைப் பிடித்து பி.எம்.சி.க்குச் செய்தியாக அனுப்பும். எந்த எண் எந்தச் சர்வருடையது என்று பிரித்து, நான்கு தனித்தனி வரலாறாக வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சர்வரைக் கழற்றி வேறொன்றைச் செருகினாலும் தாங்க வேண்டும்.

அந்த ஆவணத்தின் தேவைகளில் இன்னொன்றும் இருக்கிறது. வலை வழியாக வரலாறு முழுவதையும் பார்க்கும் ஏற்பாடெல்லாம் இருந்தும், சர்வருக்கு முன்னால் நிற்கும் ஆளுக்காக ஒரு ஏழு கீற்று எண் பலகை வேண்டும் என்கிறது. பக்கத்திலுள்ள திருகியைத் திருப்பி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சர்வரைத் தேர்ந்தெடுத்தால், அதன் தற்போதைய எண் அங்கே வெளிச்சமாகத் தெரிய வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட் அண்ணனின் அட்டையில் பார்த்த அதே இரண்டு இலக்கங்கள்.